ரிச்சாய் ஓடின கார்

எங்கள் வீட்டில் கார் ஓடுகிறவள் நான். என் கணவருக்குக் கார் ஓடத் தெரியாது. ஓடுவதைப் பற்றித்தான் தெரியும். இடது பக்கம் இருந்துகொண்டு, எங்கே பிரேக் பிடிக்க வேண்டும், எந்த மாட்டுக்கு எத்தனை தரம் ஹோன் அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வருவார். இருபத்திரண்டு வருடம் காணிக் கந்தோரில் வேலை செய்தவர். எந்த விசயத்தையும் ஒரு கோவை திறந்துதான் தொடங்குவார். கார் வாங்கின அன்றைக்கே அதற்கும் ஒரு கோவை திறந்து, மேல் மட்டையில் வட்ட எழுத்தில் 'கார்' என்று எழுதி வைத்தார்.

வீடு வட்டக்கச்சியில். நான் பௌதிகவியல் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் புதுக்குடியிருப்பில். பஸ்ஸில் போனால் முதல் பாடம் முடிந்த பிறகுதான் பள்ளிக்கூட வாசலைக் காணலாம். அதனால் எனக்கு முன்பு நாலு பேர் ஓடித் தீர்த்த ஒரு சின்ன யப்பான் காரை வாங்கினோம். வெளிநாட்டிலிருந்து வாகனம் வருவது நின்றுபோயிருந்த நேரம் அது. பழைய கார்களுக்கெல்லாம் மாப்பிள்ளை மரியாதை. பார்க்கப் போன இடத்தில் நாங்கள் காரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. விற்கிறவர்தான் எங்களைப் பற்றி விசாரித்தார்.

காலையில் என்னோடு இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் எங்கள் பிரதி அதிபர். அவருடைய வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. நான் காரை வெளியே எடுத்து மூன்றாவது நிமிடம் அவர் முன் கதிரையில் ஏறிவிடுவார். மற்றவர் மனையியல் ரீச்சர். தருமபுரத்தில் தகப்பனுக்கு வயல் இருக்கிறது. தாத்தா காலத்தில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். தருமபுரச் சந்தியில் காத்து நின்று பின்னுக்கு ஏறுவார். அதிகம் கதைக்கமாட்டார். முன்னுக்கு இருக்கிறவர் அந்தக் குறையை வைக்கவில்லை.

வாங்கிக் கொஞ்சக் காலம் கார் ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு மெல்ல மெல்லப் பெற்றோல் குடிக்கத் தொடங்கியது. கியூஆர் கோட்டைக் காட்டினால் கிழமைக்கு இவ்வளவு என்று அளந்து ஊற்றிய காலம். திங்கட்கிழமை நிரப்பினால் வெள்ளி வரைக்கும் காணும் என்றிருந்தது, வியாழனுக்கு வந்தது. பிறகு புதனுக்கு வந்தது. மிச்ச நாளுக்கு மூன்று பேரும் பஸ்ஸில் தொங்கினோம். பின் குழாயிலிருந்து கறுப்புப் புகை வந்தது. கார் நிற்கிற இடத்துக்குப் பின்னால் வெள்ளை அடித்த மதிலில் ஒரு கரிப் பூசணிக்காய் வளர்ந்தது. என் சேலைகளெல்லாம் பெற்றோல் மணத்தன. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் கற்பூரத் தட்டை நீட்டிக்கொண்டு வந்த ஐயர், என் முன்னால் வந்ததும் ஒருக்கால் மூக்கைச் சுருக்கிவிட்டுத் தட்டை எட்டப் பிடித்தார். நான் கையை நீட்டி, தூரத்திலிருந்தே கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இரண்டு பேருக்கும் அதுதான் பாதுகாப்பு.

பிரதி அதிபர் இதையெல்லாம் பெரிதாக எடுக்கவில்லை. சண்டை நடந்து பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓடினவர் அவர். அப்போது இப்படியெல்லாம் புகைத்ததே இல்லை என்று ஒரு நாள் சொன்னார்.

"புகைச்சது சேர்," என்றார் பின்னுக்கிருந்த மனையியல் ரீச்சர். "நான் சின்னப் பிள்ளையா ரோட்டோரம் நின்னு இருமியிருக்கேன்."

பிரதி அதிபர் விசுவமடு வரைக்கும் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை கிளிநொச்சி டவுணில் இருக்கிற ஒரு கராஜுக்குப் போனோம். காரை ஓடிக்கொண்டு உள்ளே போனவள் நான். சாவியைக் கொடுத்தவள் நான். என்ன குறை என்று விபரமாகச் சொன்னவளும் நான்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெக்கானிக் என் கணவரைப் பார்த்துக் கதைத்தார். முப்பத்தைந்து வயது வரும், நல்ல மனிதர், வேலையில் கள்ளம் இல்லாதவர். பெண்களைப் பார்த்து எஞ்சினைப் பற்றிக் கதைக்க மட்டும் அவருக்கு வாய் வராது. எஞ்சினைத் திறந்தார், பிளக் ஒன்றைக் கழற்றினார். அடுப்புக்குள்ளிருந்து எடுத்த விறகுக் கட்டை மாதிரி இருந்தது. அதை என் கணவருடைய மூக்குக்கு முன்னால் பிடித்தார்.

"அண்ணை, எஞ்சின் ரிச்சா ஓடுது."

என் கணவருடைய முகம் மலர்ந்தது. பழைய கார் என்றாலும் நல்ல சாமான் என்று தனக்கு அப்பவே தெரியும் என்றார். மெக்கானிக் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துவிட்டு, ரிச் என்றால் அந்த ரிச் இல்லை, எஞ்சினுக்குள்ளே பெற்றோல் கூடப் போகிறது, அதுக்கேற்ற காற்று காணாது, அதனால் பெற்றோல் முழுதாய் எரியாமல் கரியாய் வெளியில் வருகிறது என்று விளங்கப்படுத்தினார். என் கணவர் தலையாட்டிக்கொண்டே பையிலிருந்த கோவையை எடுத்து, 'பெற்றோல் மிகை, காற்றுக் குறை' என்று எழுதினார்.

காற்று போகிற வழியில் இருக்கிற பில்டரைக் கழற்றித் தட்டினார்கள். எங்கள் ஒழுங்கையின் செம்மண்ணில் பாதி அதற்குள் இருந்தது. புதுப் பில்டர் போட்டார்கள், புதுப் பிளக் போட்டார்கள். இனிச் சரி என்றார் மெக்கானிக். இரண்டு நாள் சரியாய் இருந்தது, அல்லது சரியாய் இருப்பதாக நாங்கள் நினைத்தோம். மூன்றாம் நாள் மதிலில் பூசணிக்காய் மறுபடியும் பெருத்தது.

அடுத்த சனி, பெற்றோல் தெளிக்கிற இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கழுவினார்கள். அதற்கடுத்த மாதம், புகையை மோந்து பார்த்துக் கணக்குச் சொல்கிற சென்சரை மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் 'இனிச் சரி' என்ற சொல்லோடுதான் வீட்டுக்கு வந்தோம். கோவையில் ஒவ்வொரு முறையும் அது திகதியோடு ஏறியது. மெக்கானிக்கிடம் கையடக்கமான கொம்பியூட்டர் ஒன்று இருந்தது. அதன் வயரைக் காருக்குள்ளே செருகினால் எங்கே பிழை என்று சொல்லும். எத்தனை முறை செருகினாலும் பிழை ஒன்றும் இல்லை என்றே சொன்னது. மெக்கானிக் அந்தத் திரையை, டொக்டர் எக்ஸ்ரேயைக் காட்டுகிற மாதிரி, என் கணவருக்குத் திருப்பிக் காட்டுவார். இவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்ப்பார்.

காரின் வருட லைசன் புதுப்பிக்கிற காலம் வந்தது. அதற்கு முதலில் புகைப் பரிசோதனையில் தப்ப வேண்டும். பரிசோதனைக்குப் போனோம். பின் குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டு எஞ்சினை முறுக்கச் சொன்னார்கள். முறுக்கினேன். பரிசோதிக்கிறவர் திரையைப் பார்த்தார், பிறகு கம்பியை இழுத்துத் துடைத்துவிட்டுத் திரும்பவும் விட்டுப் பார்த்தார். தன்னுடைய மிசினில்தான் பிழை என்று முதலில் நினைத்தாராம். ஃபெயில் என்று ஒரு துண்டு தந்தார். என் கணவர் அதைக் கோவையில் குத்தினார்.

அந்தத் துண்டோடு மறுபடியும் கராஜுக்குப் போனபோதுதான் எனக்கு மனம் நொந்தது. மெக்கானிக் துண்டைப் பார்த்தார், கொம்பியூட்டரைச் செருகினார், அது வழக்கம்போல் பிழையில்லை என்றது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பிறகு என் கணவரை ஓரமாய்க் கூட்டிக்கொண்டு போனார். ஓரம் என்றால் நாலடி. எனக்கு எல்லாம் கேட்டது.

"அண்ணை, பிழையா நினைக்காதேங்கோ. காரில ஒண்டுமில்லை. ரீச்சர் அக்சிலேற்றரை மிதிக்கிற விதந்தான்."

இவர் மறுத்து ஏதாவது சொல்வார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. தனக்கும் அப்படி ஒரு ஐமிச்சம் இருந்தது என்றார். வீட்டுக்கு வந்து, நான் தேத்தண்ணி போடுகிற நேரம், கோவையைத் திறந்து எழுதினார். பிறகு நான் எட்டிப் பார்த்தேன். 'குறைபாட்டுக்கு ஓட்டுநர் காரணமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது.' கந்தோர்க்காரருடைய பாசை. கருதியவர் யார் என்று அதில் இல்லை.

அடுத்த ஒரு கிழமை நான் காரை முட்டை ஏற்றின வண்டில் மாதிரி ஓடினேன். மிதித்தேனா இல்லையா என்று எனக்கே தெரியாத அளவுக்கு மிதித்தேன். உழவு இயந்திரங்கள் என்னை முந்திக்கொண்டு போயின. ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் போய்ச் சேர முன் காலைப் பிரார்த்தனை முடிந்துவிட்டது. புதன்கிழமைக்குப் பெற்றோல் முடிந்தது. அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் வந்தது. என்னில் பிழையில்லை.

அதற்கடுத்த கிழமை பிரதி அதிபர் ஒரு நாள் எங்கள் பக்கம் இருக்கவில்லை. தருமபுரப் பக்கம் ஒரு செத்த வீட்டுக்கு முதல் நாளே போனவர், காலையில் யாரோ மோட்டச்சைக்கிளில் கொண்டுவந்து தருமபுரச் சந்தியில் இறக்கிவிட, மனையியல் ரீச்சரோடு நின்று ஏறினார். கதவைச் சாத்தினதும் மூக்கைப் பொத்தினார்.

"என்ன ரீச்சர், இண்டைக்குப் பெற்றோல் கொட்டுண்டு போச்சுதோ? இப்பிடி மணக்குது."

"இன்னைக்கு மட்டும் இல்ல சேர்," என்றார் மனையியல் ரீச்சர். "நான் ஏறுற நேரம் எப்பவும் இந்த வாசம்தான்."

தினமும் தான் வருகிற கார் தனக்குத் தெரியாதா என்றார் பிரதி அதிபர். வட்டக்கச்சியில் ஏறுகிற நேரம் ஒரு நாளும் மணந்தது கிடையாது என்று அடித்துச் சொன்னார். ரீச்சரும் விடவில்லை. அவர் அவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. தான் ஒரு நாளாவது மணம் இல்லாமல் ஏறியிருந்தால் காதை அறுத்துத் தருவதாகச் சொன்னார். உடையார்கட்டு வரைக்கும் வாக்குவாதம் நடந்தது. நான் ஓடிக்கொண்டே யோசித்தேன். இரண்டு பேருமே பொய் சொல்லுகிற ஆட்கள் இல்லை. அப்படியென்றால் இரண்டு பேரும் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். வட்டக்கச்சியில் மணக்காத கார் தருமபுரத்தில் மணக்கிறது. பிரதி அதிபர் தினமும் உள்ளேயே இருந்து வருவதால், மணம் மெல்ல ஏற அவருடைய மூக்கும் அதோடு பழகிவிடுகிறது. புதிதாய் ஏறுகிற மூக்குக்குத்தான் தெரிகிறது.

வட்டக்கச்சிக்கும் தருமபுரத்துக்கும் இடையில் காரில் மாறுவது என்ன? எஞ்சின் சுடுகிறது. வேறொன்றும் இல்லை.

அன்றைக்கு எனக்கு முதல் இரண்டு பாடமும் ஓய்வு. ஆசிரியர் அறையில் இருந்து யோசித்தேன். குளிர்ந்த எஞ்சின் கிளம்புவதற்குப் பெற்றோல் கூட வேண்டும். சூடேறினால் குறைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கார் காலையில் கூடக் குடிப்பது நியாயம். சூடேறின பிறகும் அதே அளவு குடிக்கிறது, அதுதான் பிழை. அப்படியென்றால், நீ சூடேறிவிட்டாய் என்று எஞ்சினுக்கு யாரோ சொல்ல வேண்டும். அந்த யாரோ சொல்லவில்லை.

அந்த யாரோ யார் என்று தேடினேன். தேடின இடத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்னுடைய சொந்தக் குறிப்புக் கொப்பி. தேமிஸ்ரர் என்று ஒரு சின்னப் பொருள், சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். அதைப் பதினாலு வருடமாகப் படிப்பிக்கிறேன். வளைகோடு கீறிக் காட்டுவேன். அதன் கீழே பயன்கள் என்று மூன்று சொல்லி எழுதுவிப்பேன். இரண்டாவது பயன், என்னுடைய கையெழுத்திலேயே: 'வாகன எஞ்சின்களின் வெப்பநிலையை உணர்தல்.' சோதனையில் இதை எழுதாத பிள்ளைகளுக்கு நான் புள்ளி வெட்டியிருக்கிறேன். என்னுடைய எஞ்சினுக்குள்ளும் ஒன்று இருக்கும் என்று ஏழு மாதத்தில் ஒரு நாளும் தோன்றவில்லை. நான் படிப்பித்தது எஞ்சினைப் பற்றியில்லை, இரண்டாவது பயனைப் பற்றி.

ஆய்வுகூடத்திலிருந்து மின்தடை அளக்கிற மல்ரிமீற்றர் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சனிக்கிழமை விடிய, எஞ்சின் குளிர்ந்திருந்த நேரம், வேலை தொடங்கியது. என் கணவரிடம் ஸ்பனர் பெட்டி ஒன்று இருந்தது. யாரோ அன்பளிப்பாய்க் கொடுத்தது. ஒவ்வொரு ஸ்பனரும் எண்ணெய்த் தாளில் சுற்றினபடி அப்படியே இருந்தது. அதைத் திறக்க அவருக்கு மனமில்லை. சூடு உணர்கிற அந்தச் சென்சர் எங்கே இருக்கிறது என்று ஃபோனில் ஒரு வீடியோவைப் பார்த்துப் பிடித்தேன். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அவர் செய்வார்தானே என்று இவர் கேட்டார்.

"நீங்கள் ஃபோனை மட்டும் நேராய்ப் பிடியுங்கோ," என்றேன்.

பிடித்தார். சென்சர் பெருவிரல் அளவு. கழற்றினதும் துவாரத்தால் றேடியேற்றரின் பச்சைத் தண்ணி வழிந்தது. துணியைச் சுருட்டி அடைத்தேன். இவர் ஃபோனைப் போட்டுவிட்டுக் கோழிகளைக் கலைக்க ஓடினார். அந்தத் தண்ணி நஞ்சு, கோழி குடித்தால் சாகும் என்று அதே வீடியோவில் சொன்னார்கள். அன்றைக்கு அவர் செய்த உதவியில் உண்மையாய்ப் பிரயோசனப்பட்டது அதுதான்.

சென்சரைக் குசினிக்குக் கொண்டுவந்து, ஒரு சட்டித் தண்ணிக்குள் அதன் தலையை விட்டு, மீற்றரின் இரண்டு கம்பியையும் பின்னால் பிடித்தேன். குளிர்ந்த தண்ணியில் ஐயாயிரத்து நானூறு ஓம் காட்டியது. அடுப்பை மூட்டினேன். தண்ணி சுட்டது, ஆவி பறந்தது, கொதித்தது. என் குறிப்புக் கொப்பியின்படி அந்த எண் சரிந்து விழ வேண்டும். ஐயாயிரத்து முந்நூறுக்கு வந்து அப்படியே நின்றது. கொதிக்கிற தண்ணிக்குள்ளே நின்றுகொண்டு, குளிருது என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. இவர் வாசலில் நின்று, சோறு எப்போது என்று கேட்டார். நான் மீற்றரைக் காட்டினேன். இலக்கத்தைப் பார்த்துவிட்டு, கோவையில் ஏற்றவா என்றார். ஏற்றச் சொன்னேன்.

சென்சரைத் திரும்பப் பூட்டி, தண்ணி விட்டு, அன்றைக்கே கராஜுக்குப் போனோம். ஆவணி வெயில், பதினொரு மணி. மெக்கானிக் வழக்கம்போல் இவருக்கு ஒரு கோப்பை பிளேன்ரீ கொடுத்து இருத்தினார். நான் விசயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அது அவருடைய நல்ல குணம். ஆனால் வெப்பநிலை காட்டுகிற முள் டாஷ்போர்டில் ஒழுங்காய் நிற்கிறதே, புகைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று இவரைப் பார்த்துக் கேட்டார். அந்த முள்ளுக்கு வேறு சென்சர், பெற்றோலை அளந்து விடுகிற எஞ்சின் மூளைக்கு வேறு சென்சர் என்று நான் சொன்னேன். அவர் இவரைப் பார்த்தார். இவரும், வேறு வேறுதான் என்றார். மெக்கானிக் அதை ஏற்றுக்கொண்டார்.

கொம்பியூட்டரைச் செருகினார். பிழை ஒன்றும் இல்லை என்று அது சொன்னது.

"தம்பி, பிழையைக் கேக்காதேங்கோ," என்றேன். "எஞ்சின் இப்ப எவ்வளவு சூடு எண்டு அதிட்டக் கேளுங்கோ. அதுக்கு வேற ஒரு பக்கம் இருக்கும்."

இருந்தது. அந்தப் பக்கத்துக்கு அவர் ஒரு நாளும் போனதில்லை போலிருக்கிறது. நாலைந்து தரம் அமத்தித்தான் கண்டுபிடித்தார். திரையில் இரண்டு என்று நின்றது. இரண்டு பாகை. கிளிநொச்சியில், ஆவணி மாதம், பதினொரு மணிக்கு, இருபது நிமிடம் ஓடி வந்த எஞ்சின், யப்பானில் பனிக்குள்ளே நிற்பதாக நினைத்துக்கொண்டு, சூடு காய்வதற்காகப் பெற்றோலை ஊற்றிக்கொண்டிருந்தது. சென்சர் முழுதாய் அறுந்திருந்தால் கொம்பியூட்டர் பிழையென்று கத்தியிருக்கும். இது வேலை செய்துகொண்டே பொய் சொன்னது. ஒழுங்காய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலை செய்யாமல் இருக்கிற ஆளை எந்தக் கந்தோரில்தான் பிடிக்க முடிந்திருக்கிறது?

மெக்கானிக் திரையைத் தட்டினார். கொம்பியூட்டரில்தான் ஏதோ கோளாறு என்றார். பிறகு, என்ன நினைத்தாரோ, எஞ்சினில் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்து உதறினார்.

"சுடுகுது," என்றார். அதை என்னைப் பார்த்துச் சொன்னார். ஏழு மாதத்தில் எஞ்சினைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன முதல் சொல் அது.

கராஜின் பின்பக்கம் இதே இனக் கார் ஒன்று, லொறி அடித்து, பாதி உடம்போடு புல்லுக்குள் கிடந்தது. அதிலிருந்து ஒரு சென்சரைக் கழற்றிக்கொண்டு வந்தார். பூட்டுவதற்கு முன்னம் இதுவாவது உண்மை சொல்லுகிறதா என்று பார்க்க வேண்டும். சுடுதண்ணி கேட்டேன். இல்லை. மேசையில் பிளேன்ரீ ஆவி பறந்தது. சென்சரைத் துடைத்து அதற்குள் விட்டு மீற்றரைப் பிடித்தேன். எண் நாலு தட்டுப் படியிறங்கின மாதிரிச் சரிந்து, ஐந்நூறுக்குக் கிட்ட வந்து நின்றது. என் வளைகோடு. கரும்பலகையில் எத்தனையோ தரம் கீறியிருக்கிறேன். அது உண்மையிலேயே விழுவதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். சந்தோசத்தில் எனக்குக் கண் கலங்கியது. தேத்தண்ணிக்குள் கிறீஸ் மிதப்பதைப் பார்த்து இவருக்கும் முகம் மாறியது.

பூட்டினார்கள். எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணினேன். திரையில் எண் நாற்பது, ஐம்பது, எழுபது என்று ஏறி எண்பதைத் தாண்டியது. எஞ்சினின் சத்தம் மெல்ல இறங்கி, சண்டை பிடித்துக் களைத்த ஆள் மூச்சு விட்ட மாதிரி அமைதியாகியது. மெக்கானிக் பின்பக்கம் போய்க் குழாயின் முன் குந்தி இருந்து கையைப் பிடித்துப் பார்த்தார். உள்ளங்கையைக் காட்டினார். கரி இல்லை.

அடுத்த கிழமை புகைப் பரிசோதனையில் பாஸ். வெள்ளிக்கிழமை மாலை தாங்கியில் பெற்றோல் மிச்சம் இருந்தது. கோயிலில் ஐயர் கற்பூரத் தட்டைக் கிட்டக் கொண்டுவந்தார். மதிலுக்கு இவர் தன் கையாலேயே வெள்ளை அடித்தார். ஓட்டுநரைக் கருதிய வசனத்தையும் ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைத்தார். மன்னிப்பு என்று கந்தோர்ப் பாசையில் அதைத்தான் சொல்வார்கள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

பிழையைக் கண்டுபிடித்தது யார் என்பதில் இன்றைக்கும் முடிவில்லை. ஏழு மாதமாய் ஒழுங்காய்க் கோவை பேணப்பட்டதால்தான் பிழை பிடிபட்டது என்று இவர் சொந்தக்காரருக்குச் சொல்கிறார். ஆசிரியர் அறையில் பிரதி அதிபர், தன்னுடைய மூக்குத்தான் பிடித்தது என்கிறார். செத்த வீட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் கார் இன்றைக்கும் புகைத்துக்கொண்டிருக்கும் என்று கேட்கிறவர்களுக்கு விளக்குகிறார். மனையியல் ரீச்சர் ஒன்றும் சொல்வதில்லை. தருமபுரத்தில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் நித்திரையாகிவிடுகிறார்.

மெக்கானிக்தான் உண்மையில் மாறிப்போனார். சூடு காட்டுகிற சென்சர் அவருக்குக் குலதெய்வமாகிவிட்டது. கராஜுக்கு எந்தக் கார் புகைத்துக்கொண்டு வந்தாலும் முதலில் கழற்றுவது அதைத்தான். ஒரு வானுக்கு இரண்டு தரம் மாற்றினார். கடைசியில் பார்த்தால் பில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. போன மாதம் ரயருக்குக் காற்றடிக்க அந்தப் பக்கம் போனேன். ஒருவர் பழைய மோட்டச்சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து நின்றார். அதுவும் கறுப்பாய்ப் புகைக்கிறதாம். மெக்கானிக் குந்தி இருந்து எஞ்சினின் நாலு பக்கமும் விரலை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார். என்ன தேடுகிறார் என்று எனக்கு விளங்கியது. இந்தப் பழைய எஞ்சின்களுக்கு மூளையும் இல்லை, அந்த மூளைக்குக் கதை சொல்கிற சென்சரும் இல்லை.

"தம்பி, உதில அந்தச் சென்சர் இல்லை," என்றேன்.

அவர் எழும்பி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வண்டிக்காரரிடம் திரும்பினார்.

"கேட்டனீங்களோ அண்ணை? ரீச்சரே சொல்லிப்போட்டா. சென்சர் இல்லை. அதுதான் உங்கட பிரச்சினை."